ஆங்கில உயிரொலிகளும் ஒலிக்குறியீடுகளும்: ‘பொருத்துக’ பயிற்சி பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆங்கில வகுப்புகளிலும் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளிலும் ஒலியியல் ஒரு பாடப்பகுதியாக நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. அப்பகுதியில் மாணவர் பெரிதும் எதிர்கொள்ளும் பயிற்சி ஒன்றே. ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சொற்கள் இருக்கும். மறுபக்கத்தில் உயிரொலிக் குறியீடுகள் இருக்கும். சொல்லையும் குறியீட்டையும் பொருத்த வேண்டும். சரியாகப் பொருத்தியவர் உயிரொலிகளை அறிந்தவர் எனக் கொள்ளப்படுகிறார். தவறியவர் அறியாதவர் எனப்படுகிறார்.

இம்முடிவு பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா. இப்பயிற்சி எதனைக் கற்பிக்கிறது, எதனைச் சோதிக்கிறது, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவரிடம் இது எங்குத் தவறுகிறது என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன. ஆங்கில உயிர்கள் இங்குக் குறியீட்டால் அன்றி, அவை வரும் சொற்களாலும் அச்சொற்களின் பொருளாலுமே சுட்டப்படுகின்றன. அம்முறையே கற்பித்தலுக்கும் ஏற்றது என்பது பின்னர் விளக்கப்படும்.

2. குறியீடு எதன் பெயர்?

அனைத்துலக ஒலியியல் கழகம் 1886-இல் பாரிசில் பால் பாசியின் முயற்சியால் தோன்றியது. அதனைத் தொடங்கியவர்கள் மொழியாசிரியர்கள். 1888-இல் வெளியான அவர்களது நெடுங்கணக்கின் அடிப்படைக் கொள்கை, ஒரு மொழியில் பொருளை வேறுபடுத்தும் ஒவ்வோர் ஒலிக்கும் தனியெழுத்து வேண்டும் என்பது. ஆகவே அகராதிகளில் காணும் குறியீடு முதலில் ஒரு வேற்றுமையின் பெயர்; அதன் பின்னரே ஓர் ஒலியின் வருணனை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் பல குழப்பங்கள் விளைகின்றன.

ஆங்கிலக் குறியீட்டு முறையின் வரலாறே இதற்குச் சான்று. டேனியல் ஜோன்சு 1917-இல் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதி, கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’, செம்மறியாட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ ஆகிய இரண்டின் உயிர்களையும் ஒரே எழுத்தால் எழுதி, பின்னதற்கு மட்டும் நீளக்குறி சேர்த்தது. இரண்டும் நாவின் நிலையிலும் வேறுபடுவன என்பதை ஜோன்சு நன்கறிவார். எழுத்துகளைக் குறைத்து எளிமை காண்பதே அவர் நோக்கம். ஏ. சி. கிம்சன் 1962-இல் வெளியிட்ட நூலில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்துகளைக் கையாண்டார். ஜோன்சின் அகராதியும் கிம்சனைப் பதிப்பாசிரியராகக் கொண்ட 1977-ஆம் ஆண்டுப் பதிப்பில் அம்முறைக்கு மாறியது. ஒலி மாறவில்லை, அதனை எழுதும் முறையே மாறியது.

மாற்றம் அத்துடன் நிற்கவில்லை. 1990களில் ஆக்சுபோர்டு அகராதிகள் சிலவற்றில் கிளைவ் அப்டன் வகுத்த முறை இடம்பெற்றது. பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்னும் சொல்லின் உயிருக்குக் கிம்சன் முறையில் இரண்டு எழுத்துகள் ஒட்டிய குறி வரும். அப்டன் முறையில் ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தே வரும். ‘ஸ்கொயர்’ என்னும் சொல்லின் உயிர் முன்னதில் ஈருயிரொலி, பின்னதில் நெட்டுயிர். இரண்டு அகராதிகளைப் பார்த்த இரு மாணவர்கள் ஒரே வினாவுக்கு வெவ்வேறு விடை எழுதினால் இருவரும் சரியே. ஆனால் விடைக்குறிப்பில் ஒன்றுதான் இருக்கும்.

மேலும் ஒன்று. ‘கப்’ (கோப்பை) என்னும் சொல்லின் உயிரைக் குறிக்கத் தலைகீழாகத் திருப்பிய ஆங்கில ‘வி’ வடிவம் வழங்குகிறது. கழகத்தின் அட்டவணையில் அவ்வடிவத்திற்குரிய இடம் இதழ் குவியாத பின்னுயிர். தென் இங்கிலாந்தின் இன்றைய பேச்சிலோ அவ்வுயிர் நடுவுயிராகவே ஒலிக்கிறது. பழைய பெயர் நிலைத்துவிட்டது, பெயருக்குரியது இடம்பெயர்ந்துவிட்டது. அட்டவணையைக் கொண்டு அகராதியைப் படிக்கும் மாணவர் இங்கு வழி தவறுவது அவர் குற்றமன்று.

3. பயிற்சி எதனைச் சோதிக்கிறது?

‘பொருத்துக’ வினாத்தாளில் ஒலி இல்லை. சொல் ஆங்கில எழுத்தில் உள்ளது. விடையும் ஓர் எழுத்து. எழுத்திலிருந்து எழுத்துக்குச் செல்லும் இப்பாதையில் காதுக்கு வேலை இல்லை. சொற்பட்டியலை மனப்பாடம் செய்த ஒருவர், எவ்வுயிரையும் வேறுபடுத்திக் கேட்க இயலாதவராயினும், முழு மதிப்பெண் பெற முடியும். நுட்பமாகக் கேட்கும் ஒருவர் குறியீட்டின் வடிவத்தை மறந்தமையால் தோல்வியுறவும் முடியும்.

விடைகளில் காணப்படும் பிழைகள் இதனைத் தெளிவாக்குகின்றன. நீளக்குறி பெற்ற ஆங்கில ‘ஐ’ வடிவத்தைப் பனிக்கட்டியைக் குறிக்கும் ‘ஐஸ்’ என்னும் சொல்லுடன் பொருத்துவது ஒரு வகைப் பிழை. ‘பெட்’ (படுக்கை) என்னும் சொல்லின் உயிருக்குரிய ‘இ’ வடிவத்தை ‘மீ’ (என்னை) என்பதுடன் பொருத்துவது மற்றொரு வகை. இவை கேட்டலில் எழுந்த பிழைகள் அல்ல. மாணவர் குறியீட்டை ஆங்கில எழுத்தின் பெயராலேயே படித்திருக்கிறார். எழுத்துமுறையின் குழப்பத்திலிருந்து விடுவிக்க வந்த குறியீடு, இரண்டாவது எழுத்துமுறையாக அவர்மேல் சுமத்தப்பட்டுவிட்டது.

குறியீட்டின் தேவையை உணர்த்தும் சான்றுகளும் உரிய இடத்தில் வைக்கப்படுவதில்லை. ஆங்கில நெடுங்கணக்கில் உயிரெழுத்துகள் ஐந்து. தென் இங்கிலாந்தின் மரபுவழி நல்லுச்சரிப்பில் உயிரொலிகள் இருபது. அவற்றுள் தனியுயிர் பன்னிரண்டு, ஈருயிர் எட்டு. ‘கேட்’ (பூனை), ‘ஃபாதர்’ (தந்தை), ‘கேக்’, ‘கால்’ (அழை), ‘வாட்’ (என்ன), ‘எனி’ (ஏதேனும்), ‘வில்லேஜ்’ (சிற்றூர்), ‘அபவுட்’ (பற்றி) ஆகிய எட்டுச் சொற்களில் முதலெழுத்தாகிய ‘ஏ’ எட்டு வேறு உயிர்களைக் குறிக்கிறது. இதனைக் காதால் கண்டறிந்த மாணவர் குறியீட்டைத் தாமே கேட்பார். வகுப்பிலோ குறியீடு முதலில் வருகிறது. அதற்கான தேவை பின்னர் வருகிறது, அல்லது வருவதே இல்லை.

4. தமிழெழுத்து முன்பே செய்த பொருத்தம்

தமிழ் மாணவர் ஒலியியல் வகுப்புக்கு வெறுங்கையுடன் வருவதில்லை. ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதிப் பழகியபோதே ஆங்கில உயிர்களைத் தமிழுயிர்களுடன் அவர் பொருத்திவிட்டார். ‘டாக்சி’, ‘டாக்டர்’, ‘ஹால்’, ‘கார்’ என்னும் நான்கு சொற்களைக் காண்க. பிரித்தானிய உச்சரிப்பில் இவற்றின் முதலசை உயிர்கள் நான்கும் வேறு வேறானவை. தமிழெழுத்தில் நான்கும் ஆகாரமே. ‘பஸ்’, ‘நர்ஸ்’ ஆகியவற்றின் உயிரும் ‘டாக்டர்’ என்பதன் ஈற்றசை உயிரும் மூன்று வேறு உயிர்கள். தமிழில் மூன்றும் அகரமே. எரிவாயுவும் நீதிமன்ற வழக்கும் தமிழில் ‘கேஸ்’ என ஒன்றாகவே எழுதப்படுகின்றன.

இவ்வகை ஒன்றுபடுதல்களே மாணவரின் உண்மையான இடர்ப்பாடுகள். ‘பொருத்துக’ பயிற்சி இவற்றைக் கண்டறிவதில்லை. பத்துச் சொற்களுக்குப் பத்துக் குறியீடுகள் தந்தால், ‘ஷீப்’, ‘கேக்’, ‘ஐஸ்’ போன்ற எளிய சொற்களும் ‘டாக்டர்’, ‘ஹால்’ போன்ற இடர்மிக்க சொற்களும் ஒரே தரத்தினவாகிவிடுகின்றன. எஞ்சியவற்றை நீக்கிப் பார்த்தே கடைசி இரண்டு விடைகளை ஊகித்துவிடவும் இயலும்.

எனினும் தமிழெழுத்தைத் தடையாக மட்டும் கருதுவது பொருந்தாது. ‘ப்ளட்’ (குருதி), ‘குட்’ (நல்ல), ‘ஃபூட்’ (உணவு) என்னும் மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே உயிரெழுத்துக் கூட்டம் பெற்றவை. தமிழில் எழுதும் மாணவர் அகரம், உகரம், ஊகாரம் என மூன்றையும் பிரித்தே எழுதுகிறார். அதாவது, அவர் எழுத்தை விட்டு ஒலியைக் கேட்டிருக்கிறார். ஒலிபெயர்ப்பு என்னும் செயலை ஒலியியல் வகுப்பில் நுழையுமுன்னரே அவர் செய்திருக்கிறார். இதனை எடுத்துக்காட்டும் பாடநூல் அரிது.

தாய்மொழியின் நுட்பங்களும் பயன்படுத்தப்படுவதில்லை. ‘பசு’, ‘காசு’ என்னும் சொற்களின் ஈற்றுகரங்கள் ஒன்றல்ல. பின்னதில் இதழ் குவிவதில்லை. ஒரே எழுத்து இரு ஒலிகளைக் குறிப்பதை உணர்ந்தே தொல்காப்பியம் குற்றியலுகரத்தைச் சார்பெழுத்தாகக் கொண்டது. ‘நீதி’, ‘வீடு’ ஆகியவற்றின் ஈகாரங்களைக் கூர்ந்து கேட்டால், வளைநா மெய்க்கு முன்வரும் ஈகாரத்தில் நா பின்வாங்குவது புலனாகும். பேச்சு வழக்கில் ‘பிடி’ என்பது ‘புடி’ எனவும், ‘பெட்டி’ என்பது ‘பொட்டி’ எனவும், ‘வீடு’ என்பது ‘வூடு’ எனவும் மாறுவது அதன் மறுபடியாகும். அழுத்தமிலா அசையில் ஆங்கில உயிர் ‘ஷ்வா’ எனப்படும் நடுவுயிராகக் குறைவதைக் கற்பிக்க, குற்றியலுகரத்தையும் ஐகாரக்குறுக்கத்தையும் விட நல்ல வாயில் தமிழ் மாணவருக்கு வேறில்லை. ஒலிகள் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் இடத்தால் உயிர் குறுகும், தன் நிறம் இழக்கும் என்னும் கருத்து ஒன்றே.

5. நீளம் என்னும் இடர்

குறில், நெடில் என்னும் பாகுபாடு தமிழர் மொழியுணர்வில் ஆழ வேரூன்றியது. ஆகவே நீளக்குறியைக் கண்டவுடன் தமிழ் மாணவர் அதனை நெடிற்குறியாகக் கொள்கிறார். ‘ஷிப்’ இகரம், ‘ஷீப்’ ஈகாரம் என்பதோடு அவர் கற்றல் நிறைவுறுகிறது. பொருத்தல் பயிற்சியும் அதனைச் சரியென்று ஏற்கிறது.

ஆனால் ஆங்கிலத்தில் உயிரின் நீளம் அடுத்து வரும் மெய்யைப் பொறுத்துப் பெரிதும் மாறும். ஒலிப்பிலா மெய்க்கு முன் உயிர் குறுகும். ஒலிப்புடை மெய்க்கு முன் நீளும். ‘லீவ்’ (விட்டுச் செல்), ‘லீஃப்’ (இலை), ‘லிவ்’ (வாழ்) என்னும் மூன்றையும் ஒப்பிடுக. ‘லீஃப்’ என்பதில் உள்ள ‘நெட்டுயிர்’, ‘லீவ்’ என்பதன் உயிரைவிட மிகக் குறுகி, ‘லிவ்’ என்பதன் ‘குற்றுயிர்’ அளவை நெருங்கிவிடும். அப்போதும் ஆங்கிலேயர் காது இரண்டையும் மயங்குவதில்லை. நாவின் உயர்நிலையும் முன்னிலையும் வேற்றுமையைக் காக்கின்றன. நீளத்தை மட்டும் நம்பிய தமிழ் மாணவரின் காதோ இங்கு மயங்கும்.

ஜோன்சு முறைக்கும் கிம்சன் முறைக்கும் இடையிலான வேறுபாடு இங்குப் பொருள் பெறுகிறது. கிம்சன் முறை தன்மையையும் நீளத்தையும் ஒருங்கே காட்டுகிறது. ஆயினும் குறில், நெடில் மரபில் வந்த கண் அதில் நீளக்குறியை மட்டுமே காண்கிறது; எழுத்தின் வடிவ வேறுபாட்டை அச்சு வேறுபாடாகக் கருதி விடுகிறது. கிம்சன் களைந்த பிழையை மாணவர் மீண்டும் உருவாக்கிக்கொள்கிறார். இதனைத் தடுக்கக்கூடியது கேட்டல் பயிற்சி மட்டுமே.

6. எவருடைய உச்சரிப்பு?

ஐதராபாத்தில் 1958-இல் தொடங்கப்பெற்ற மத்திய ஆங்கில நிறுவனத்தின் வழியில் வளர்ந்த ஆய்வுகள், குறிப்பாக ஆர். கே. பன்சலின் ஆய்வுகள், படித்த இந்தியர் பேசும் ஆங்கிலத்திற்கெனப் பொதுவான ஒலியமைப்பு ஒன்றுண்டு எனக் காட்டின. அவ்வமைப்பில் உயிர்கள் பதினேழு: தனியுயிர் பதினொன்று, ஈருயிர் ஆறு. ‘கேக்’, ‘கோட்’ (மேலாடை) ஆகியவற்றில் ஈருயிர் இல்லை. தமிழின் ஏகார ஓகாரங்களை ஒத்த நெட்டுயிர்களே உள்ளன. ‘கப்’, ‘நர்ஸ்’, ‘அபவுட்’ ஆகியவற்றின் உயிர்கள் பெரிதும் ஒரே உயிராக அமைகின்றன.

அறுபதாண்டுகளுக்கு முன்பே தொடங்கிய இவ்வாராய்ச்சியைப் பயிற்சித் தாள்கள் பொருட்படுத்துவதில்லை. தாம் பேசும் ஆங்கிலத்தில் பதினேழு உயிர்களை உடைய மாணவர் இருபது குறியீடுகளைப் பொருத்த வேண்டியுள்ளது. ‘கேக்’ என்னும் சொல்லில் அவர் காது தனியுயிரைக் கேட்கிறது. விடை ஈருயிர் என்கிறது. ஆசிரியர் வாயிலிருந்தும் அவர் கேட்பது தனியுயிரே. எனவே அவர் பெறும் பாடம், ‘உன் காதை நம்பாதே, புத்தகத்தை நம்பு’ என்பதாகிவிடுகிறது. காதை நம்பக் கற்பிக்க வேண்டிய துறையில் இதனைவிடத் தீங்கான பாடம் இல்லை. ஆங்கிலத்தை வகுப்பறையில் மட்டுமே கேட்டு வளர்ந்த தமிழ்வழி மாணவரை இது முதலில் தாக்குகிறது. தம் உச்சரிப்பு ஒரு முறையான அமைப்பு என்பதை அறியாமலே, அது பிழைகளின் தொகுதி என அவர் எண்ணத் தொடங்குகிறார்.

விடைக்குறிப்பின் அடிப்படையும் அசைந்துவிட்டது. இன்றைய தென் இங்கிலாந்தில் ‘ஸ்கொயர்’ என்பதன் உயிர் பெரும்பாலும் நெட்டுயிரே. ‘புவர்’ (ஏழை), ‘போர்’ (ஊற்று) ஆகிய இரண்டும் பலருக்கு ஒன்றே. கிம்சனின் குறியீடுகள் இன்றைய உச்சரிப்புக்கு எவ்வளவு விலகியுள்ளன என்பதை ஜெஃப் லிண்ட்சி 2019-இல் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டுகிறது. அமெரிக்க உச்சரிப்பையும் சேர்த்தால் கணக்கு மேலும் மாறும். எந்த உச்சரிப்பு, எந்த அகராதி எனக் கூறாத ‘பொருத்துக’ வினா முழுமையான வினா ஆகாது.

7. பயிற்சிக்கு ஆதரவான கருத்துகள்

இப்பயிற்சிக்கு ஆதரவாகக் கூறப்படுவனவும் கருதத்தக்கன. குறியீடு அறிந்தவர் அகராதியைத் தாமே பயன்படுத்தலாம் என்பது முதற்கருத்து. இது உண்மை, மொழிபெயர்ப்பாளர்க்கு இன்றியமையாததும் ஆகும். கீட்சு, யேட்சு என்னும் கவிஞர் பெயர்கள் ஆங்கிலத்தில் ஒரே உயிரெழுத்துக் கூட்டம் பெற்றவை. முன்னதில் ஈகாரம், பின்னதில் ஏகாரம் என அகராதிக் குறியீடே தெளிவாக்கும். ‘ஆக்சுபோர்டு’ என எழுதப்படும் ஊர்ப்பெயரின் ஈற்றசையில் ஓகாரம் இல்லை, ‘ஷ்வா’ உள்ளது என்பதையும் அதுவே காட்டும். ஆனால் இவ்விடங்களில் மொழிபெயர்ப்பாளர் செய்வது குறியீட்டிலிருந்து ஒலிக்கும், ஒலியிலிருந்து தமிழெழுத்துக்கும் செல்லும் இருபடிச் செயல். முதற்படியில் ஒலி எழாவிடில் அவர் ஈருயிர்க் குறியை எழுத்தெழுத்தாகப் படித்து ‘யெயிட்ஸ்’ என்றே எழுதுவார்.

பெரிய வகுப்பில் ஒவ்வொருவரையும் கேட்டுத் திருத்த இயலாது, எழுத்துத் தேர்வே இயலும் என்பது இரண்டாவது கருத்து. ஒலிக்கருவிகள் அரிதாக இருந்த காலத்தில் இதற்கு வலிமை இருந்தது. இன்று சொற்களின் பிரித்தானிய, அமெரிக்க ஒலிப்பதிவுகளை அகராதிகளே தருகின்றன. அவற்றை ஒலிக்கச் செய்யக் கைப்பேசி ஒன்று போதும். ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டு நூறு மாணவர்க்கும் ஒருங்கே எழுத்துத் தேர்வு நடத்துவதில் தடை இல்லை.

8. மாற்று வரிசை

ஆகவே வேண்டுவது பயிற்சியை நீக்குவது அன்று. அதன் இடத்தை மாற்றுவது. வரிசை பின்வருமாறு அமையலாம்.

முதலாவது, வேற்றுமையைக் கேட்டல். இரு சொற்களை ஒலிக்கச் செய்து, உயிர் ஒன்றா வேறா என்று மட்டும் கேட்க வேண்டும். ‘டாக்டர்’, ‘ஹால்’ போன்ற, தமிழெழுத்தில் ஒன்றுபடும் இணைகளுக்கே மிகுதியான நேரம் தர வேண்டும்.

இரண்டாவது, தொகுத்தல். எழுத்தைப் பொருட்படுத்தாது, ஒரே உயிர் பெற்ற சொற்களை ஒரு கணமாகச் சேர்க்க வேண்டும். ஜே. சி. வெல்சு 1982-இல் அழுத்தமுடைய அசைகளுக்கென வகுத்த இருபத்துநான்கு சொற்கணங்கள் இதற்குப் பெரிதும் உதவும். ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு சொல்லே பெயர். அச்சொல்லை இலண்டனில் ஒருவர் ஒருவாறும், சென்னையில் ஒருவர் வேறொருவாறும் ஒலிக்கலாம், கணம் மாறாது. தமிழ் யாப்பில் இயைபு அறிந்த மாணவருக்கு, இறுதி ஒத்து ஒலிக்கும் சொற்களைச் சேர்ப்பது புதிய செயலும் அன்று.

மூன்றாவது, தம் பேச்சை அறிதல். தாம் எந்தக் கணங்களை ஒன்றாக ஒலிக்கிறோம் என்பதை மாணவரே பட்டியலிட வேண்டும். இது பிழைப் பட்டியல் அன்று. ஓர் ஒலியமைப்பின் வருணனை.

நான்காவதாகவே குறியீடு. முன்பே கேட்டு, தொகுத்து, அறிந்த கணத்துக்கு அது பெயராக அமையும். இருவேறு அகராதிகளின் குறியீடுகளை அருகருகே வைத்தால், பெயர் மாறினும் பொருள் மாறாது என்பது தானே விளங்கும். இந்நிலையில் ‘பொருத்துக’ பயிற்சி தந்தால் அது பயனுடையது. வினாவில் அகராதியின் பெயர் குறிக்கப்பட வேண்டும். சொல் எழுத்தாக மட்டுமன்றி ஒலியாகவும் தரப்பட வேண்டும். குறியீடுகள் சொற்களைவிட மிகுதியாக இருக்க வேண்டும்.

மதிப்பீட்டிலும் கேட்டல், ஒலித்தல், குறியீடறிதல் ஆகிய மூன்றும் பிரிக்கப்பட வேண்டும். ஒன்றில் பெற்ற மதிப்பெண்ணை மற்றொன்றின் அளவாகக் கொள்வதே இன்றைய முறையின் அடிப்படைக் குறை.

9. முடிவுரை

ஒலிக்குறியீடு ஒலியின் படம் அன்று. வேற்றுமை ஒன்றின் பெயர். அறியாத ஒன்றின் பெயரை மனப்பாடம் செய்வதால் அறிவு விளையாது. இன்றைய ‘பொருத்துக’ பயிற்சி எழுத்தை எழுத்தோடு பொருத்துகிறது. தமிழெழுத்து முன்பே செய்துவிட்ட பொருத்தத்தைக் காணத் தவறுகிறது. நீளத்தைத் தன்மையாகக் கொள்ள இடமளிக்கிறது. மாணவரின் காதைப் பொய்யென்கிறது. கேட்டல், தொகுத்தல், தம் பேச்சை அறிதல் ஆகியவற்றின் பின் அதனை வைத்தால் இக்குறைகள் பெரிதும் நீங்கும். பசுவுக்கும் காசுக்கும் இடையிலான ஈற்றுயிர் வேறுபாட்டைக் கேட்டுணர்ந்த மாணவர்க்கு ஆங்கில உயிர்களின் வேறுபாடு எட்டாததன்று. கேட்கும் வாய்ப்பை முதலில் தருவதே ஆசிரியர் கடன்.